சத்தம் நின்ற இடம்

அந்த ஊரில் நாலு பேர் கூடி ஒருவர் பேசினால், அந்தப் பேச்சு மைக் செட்காரர் வழியாகத்தான் ஊர்க் காதுக்குப் போயாக வேண்டும். இன்னொரு ஒலிபெருக்கி ஆள் இருந்தார். அவரும் செல்போன் கடை வைக்கிறேன் என்று மூட்டை கட்டிவிட்டார். மைக் செட்காரருக்குப் பெரிய கர்வமெல்லாம் கிடையாது, ஒன்றைத் தவிர. நிகழ்ச்சி நடுவில் அவர் மைக் நின்றதே இல்லை. கரண்ட் போனால் பேசுகிறவருக்கே தெரியாமல் பேட்டரிக்கு மாறிவிடும். ஒயர் லேசாகக் கரகரத்தால் போதும், சாப்பாட்டில் இருந்தாலும் எச்சில் கையோடு எழுந்து ஓடுவார். அவர் ஓடுவதைப் பார்க்கவே சில பேர் வேண்டுமென்று மைக்கைத் தட்டிவிட்டு அப்பாவி முகம் காட்டுவார்கள்.

ஊர் நூலகம் நடத்தும் இலக்கிய விழாவுக்கும் வருஷா வருஷம் அவர்தான். பகலில் மாடி அறையில் எழுத்துப் பயிற்சி, மாலையில் கீழே மண்டபத்தில் வாசிப்பு. இலக்கியம் என்றால் அவரைப் பொறுத்தவரை சத்தம் கம்மியாகவும் நேரம் ஜாஸ்தியாகவும் பேசுகிற கூட்டம், அவ்வளவுதான். அதனால் அவருக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. இந்த வருஷம் அவர் மனைவி பயிற்சியில் பெயர் கொடுத்தாள். அன்றோடு தூக்கம் போயிற்று.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேசையில் இருப்பவள். நாள் பூராவும் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு வருகிறவள், வீட்டில் அளந்துதான் பேசுவாள். அவள் கதை எழுதப் போகிறாளாம்.

"உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்று கேட்டார்.

"சும்மாதான். மனசுல ஒண்ணு ரொம்ப நாளா கெடக்கு. எறக்கி வெச்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

இவர் மனசிலும் ஒன்று கிடந்தது. அதை எங்கேயும் இறக்கி வைக்கிற உத்தேசம் இவருக்கு இல்லவே இல்லை.

அது என்னவென்று சொல்லிவிடுவதே நல்லது. மனைவிக்கு ஒரே தம்பி. அக்கா என்றால் உயிரை விடுவான்; வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு குடும்ப விருந்தில் இவருடைய மைக்கையே கையில் வாங்கி, "எங்க மாமா ஊருக்கே மைக் புடிப்பாரு. ஆனா அவருக்குன்னு பேச ஒரு வார்த்த கெடையாது" என்றான். பந்தியே சிரித்தது. இவர் காது மடல் வரை சிவந்தார். அன்று தம்பியை ஒரு ஓரமாக இழுத்துப்போய் வாங்கு வாங்கென்று வாங்கியது அக்காதான். "என் வீட்டுக்காரர மதிக்கத் தெரியாதவன் என் வாசல்ல கால் வெக்காத" என்றாள். அவனும் ரோஷக்காரன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனான், நம்பரை மாற்றினான், பேச்சு அறுந்தது.

பிறகு ஒரு நாள் அவன் வந்தான். அவள் வேலைக்குப் போயிருந்த நேரம். வாசல் கேட்டுக்கு வெளியே தோளில் பையோடு நின்று, "என் மேலதான் தப்பு மாமா. அக்காவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்" என்றான். மைக் செட்காரருக்குப் பந்தியில் எழுந்த சிரிப்பு அப்படியே காதில் கேட்டது. கேட்டைத் திறக்கவில்லை. "அவ உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னுட்டா. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார். அவன் கொஞ்ச நேரம் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையைத் தோள் மாற்றிக்கொண்டு போனான்.

சாயங்காலம் வந்த மனைவியிடம் இவர் மூச்சு விடவில்லை. நாளைக்குச் சொல்லலாம், கோபம் ஆறட்டும் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி வருஷங்கள் ஓடிவிட்டன. நடுவில் எத்தனையோ தடவை அவள், "ஊருக்கு வந்தாகூட அக்கா இருக்காளா செத்தாளான்னு எட்டிப் பாக்கலையே" என்று கண்ணைத் துடைத்திருக்கிறாள். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "விடு, அவன் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். கேவலம்தான். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இப்போது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தார்.

பயிற்சியின் முதல் நாள் மாலை, இவர் கூடத்தில் ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தாளைக் கையால் மறைத்து எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"ஏங்க, முன்னெல்லாம் நம்ம கேட்டுக்கு என்ன கலர் அடிச்சிருந்தோம்? பச்சையா, நீலமா?"

கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டார். "அது எதுக்கு இப்ப?"

"எழுதறது கண்ணுல தெரியணுமாம். மேடம் சொன்னாங்க."

மேடம் என்பது பயிற்சி நடத்த நகரத்திலிருந்து வந்திருந்த நாவலாசிரியை. ஊர் அதற்குள் 'நாவல் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டது. நீலம் என்று சொல்வதா, மறந்துவிட்டது என்று சொல்வதா என்று இவர் திணறுவதற்குள், "நீலந்தான்" என்று அவளே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை நடந்தது இன்னும் மோசம். பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே, தோளில் பையை மாட்டிக்கொண்டு, மனைவி நிற்கிறாள். உள்ளே வரவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் நின்ற அதே இடம். இவர் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பண்ற அங்க?"

"ஒண்ணுமில்ல. இங்க ஒருத்தர் நின்னா உள்ள இருக்கறவங்களுக்கு மூஞ்சி தெரியுமான்னு பாத்தேன். நல்லா தெரியுதுல்ல?"

தெரியும் என்று தலையாட்டினார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே முடிவு கட்டினார். சொன்னது யாராக இருக்கும்? எதிர் வீட்டுத் தையல்காரர் தெருவைப் பார்த்த மாதிரிதான் மெஷின் போட்டிருக்கிறார். அன்றைக்கும் போட்டிருந்தார். மைக் செட்காரர் ஒன்றும் தெரியாதவர்போல அங்கே போய், துணி அளக்கிற டேப்பைக் கையில் எடுத்துச் சுருட்டியபடி கேட்டார்.

"என் வீட்டுல உங்ககிட்ட எதாச்சும் கேட்டாளா?"

"கேட்டாங்களே, நேத்து."

"என்னன்னு?"

"பை ஜிப்பு எப்ப தெச்சுத் தருவேன்னு."

வேறொருவர் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பார். இவருக்கு, எந்தப் பை, எதற்கு இப்போது பை என்று அதிலேயே பயம் பிடித்துக்கொண்டது. தையல்காரர் ஊசிக்கு நூல் கோர்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டதும் சரியாகப் படவில்லை.

அன்று பகலில் அவர் செய்ததைத் தொழில் தெரிந்த யாரும் மன்னிக்கமாட்டார்கள். மாடி அறையில் நாவல் மேடத்துக்கு மெல்லிய குரல் என்று காரணம் சொல்லி ஒரு ஒயரில்லா மைக்கை மேசைமேல் வைத்தார். இடைவேளையில் அதை அணைக்காமல் விட்டு, கீழே வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒட்டுக்கேட்டார். நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ தும்மும் சத்தம், பிறகு மேடத்தின் குரல் கேட்டது.

"நல்லா வந்திருக்கும்மா. ஆனா கேட் கிட்ட வந்ததும் ஏன் நிறுத்திட்டீங்க? அதுதானே உங்க கதை. கேட்டத் தொறங்க."

"பயமா இருக்கு மேடம்." அது மனைவி. "அவரு கீழ உக்காந்திருப்பாருல்ல, அவரு முன்னாடி..."

"இருந்தா என்ன? இதைக் கேக்க வேண்டியவரே அவர்தானே."

அந்த இடத்தில் மேசைமேல் வைத்த மைக்கின் பேட்டரி தீர்ந்துபோயிற்று. ஊரெல்லாம் பேட்டரி மாற்றத் தெரிந்த மனுஷன், தன் காதுக்கு வேண்டியபோது மாற்றியிருக்கவில்லை.

ஆக, எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்கப் போகிறாள். அவர் மைக்கிலேயே அவர் மானம் போகப் போகிறது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை வாயைத் திறந்தார். "என்ன?" என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணி" என்றார்.

கடைசி நாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. அந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு: எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது. தாள்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாகப் படிக்க வேண்டும். படித்து முடிந்த பிறகுதான் எழுதியவர் எழுந்து நிற்கலாம். "சொந்தக் கதைய நாமளே படிச்சா, எழுதாமவிட்டதையும் குரல்ல சேத்துடுவோம்" என்று நாவல் மேடம் விளக்கம் சொன்னார். மைக் செட்காரர் மண்டபத்தின் பின்பக்கம் தன் மேசையில், வால்யூம் பொத்தான்கள் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி முன்வரிசையில் இருந்தாள். திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் இவருக்குப் பிடிபடவில்லை.

பல் டாக்டர் ஒரு நாய்க்குட்டிக் கதை படித்தார். ஒரு கல்லூரிப் பெண் யாரோ எழுதிய பஸ் கதை படித்தாள். மூன்றாவதாக வாளியில் கைவிட்டவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மைக் முன் நின்று ஆரம்பித்தார்.

"கேட்டுக்கு அப்போது நீல வண்ணம் அடித்திருந்தது."

மைக் செட்காரருக்கு முதுகில் வேர்த்தது.

"அக்கா வேலைக்குப் போயிருந்தாள். தம்பி தோளில் பையோடு கேட்டுக்கு வெளியே நின்றான். வெளிநாட்டிலிருந்து நேரே வந்திருந்தான். அக்காவிடம் பேசி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. மாமா அவனை ஜன்னல் வழியாகப் பார்த்தார். எழுந்து வெளியே வந்தார். கேட்டில் கையை வைத்து—"

இவர் விரல் வால்யூமை இறக்கியது. இறக்கு என்று அவர் அதற்குச் சொல்லவில்லை, பயம் சொன்னது. மண்டபத்தில் சத்தம் செத்தது.

கண்டக்டரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நூலகர் எழுந்து பின்னால் பார்த்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. மைக் செட்காரரின் மைக் நின்றுவிட்டதாம்! அவர் துள்ளி எழுந்து ஓடுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் மனைவி, இவர் முகத்தைப் பார்க்க, தன் கதை ஆரம்பித்தபோதே திரும்பியிருந்தாள். இப்போது அவள் பார்வை இவர் முகத்தில் இல்லை, விரலில் இருந்தது.

"அட, இது எதுக்கு எனக்கு!" என்று மைக்கை ஒதுக்கித் தள்ளினார் கண்டக்டர். நெரிசல் பஸ்ஸில் முன்படியிலிருந்து பின்படிக்குக் கேட்கிற மாதிரி கத்தியே பிழைத்த தொண்டை அது. விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மைக்கில் கேட்டதைவிட நன்றாகக் கேட்டது.

"கேட்டில் கையை வைத்து, அகலத் திறந்தார். தம்பி தோளில் இருந்த பையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். 'உள்ள வா மாப்ள. என் மேல கோவம்னா என்னைத் திட்டு. உங்க அக்காகிட்ட ஏன் பேசாம இருந்த? அவ உனக்காக எவ்வளவு அழுதிருக்கா தெரியுமா? உக்காரு, வர்ற நேரந்தான்' என்றார். இப்படி ஒரு நாள் நடக்கும். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவன் வந்தாலும் எனக்குக் கவலை இல்லை. வீட்டில் அவர் இருப்பார்."

கண்டக்டர் தாளை இறக்கினார். "அவ்வளவுதான்" என்றார். மண்டபம் கைதட்டியது. எழுதியவர் எழுந்து நிற்க வேண்டிய நேரம். எல்லாரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள்.

மனைவி எழுந்தாள். மேடைப் பக்கம் திரும்பாமல், நாற்காலிகளுக்கு நடுவே நடந்து பின்னால் வந்தாள். நாவல் மேடம் கைதட்டிக்கொண்டே, "இவங்கதான் எழுதினது!" என்று உற்சாகமாகக் கூவினார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மேசை முன் வந்து நின்றாள்.

"ஒயர் லூசு" என்றார் மைக் செட்காரர்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே."

அவர் ஒயரைத் தேடுவதுபோலக் குனிந்தார்.

"ஒயர் லூசுன்னா நீங்க ஓடியிருப்பீங்க" என்றாள். குரல் ஏறவில்லை; பரிசோதனை நிலையத்தில் பெயர் சரிபார்க்கிற அதே குரல். "நீங்க எறக்கினத நான் பாத்தேன். மாமா கேட்டுல கை வெக்கற எடத்துல எறக்கினீங்க. அது நானா கற்பனை பண்ணி எழுதினது. அதக் கேக்க உங்களுக்கு என்ன பயம்?"

இவர் நிமிரவில்லை. ஆம்ப்ளிஃபயரில் எரிந்த பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். கேட் கலருக்கு இவர் திணறியது, ஜன்னலில் நுரையோடு நின்றது என்று அவள் முகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வருவதை அவர் பார்க்காமலே உணர்ந்தார். அவரைச் சந்தேகப்பட அவளுக்கு இதுவரை ஒரு நாளும் தோன்றியதில்லை. எல்லாச் சந்தேகமும் இவருடையதாகவே இருந்தது.

"என் தம்பி வந்தானா?"

மேடையில் அடுத்தவர் தாளோடு நின்று மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சவுண்ட் வரலங்க!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குரலுக்கு அவர் உடம்பு அசையவில்லை.

"வந்தான்" என்றார்.

மனைவி தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் துடைக்கவில்லை. தாழ்ந்த குரலில்தான் அடுத்ததைக் கேட்டாள்.

"பைய வாங்கினீங்களா?"