வெள்ளை படர்ந்த முகம்

வைதேகி அப்பாவின் இடது கன்னத்தைத் திரை நிறையும் அளவுக்குப் பெரிதாக்கி, வெண்திட்டின் ஓரத்தில் சுட்டியை நகர்த்திக்கொண்டிருந்தாள். சுட்டி பட்ட இடமெல்லாம் வெள்ளை மறைந்து, பக்கத்துத் தோலின் மாநிறம் வந்து உட்கார்ந்தது. சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் மடிக்கணினி இருந்தது. சுற்றிலும் வாடகை நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் உடல் இன்னும் வந்துசேரவில்லை.

"நெத்தியில இருக்கறதையும் எடுத்துரு," என்றாள் பஞ்சவர்ணம் அத்தை, அவள் தோளுக்குப் பின்னால் நின்றபடி. அப்பாவின் அக்கா. "எந்தம்பிய எல்லாரும் ஒரு மாதிரியாவே பாத்தாங்க. கடைசிப் படத்துலயாவது பளிச்சுனு இருக்கட்டும்டி."

வைதேகிக்குப் பழகிய வேலைதான் இது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியிலுள்ள சிறிய ஸ்டூடியோவில் அவள் கிராஃபிக் டிசைனர். சேலைக் கடை, நகைக் கடை, முகப்பூச்சு விளம்பரங்கள். மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையை எடுப்பாள். ஓர் எழுத்தை மயிரிழை இடப்பக்கம் நகர்த்துவாள், பிறகு வலப்பக்கம். சரியாக அமைந்துவிட்டால் யார் கண்ணிலும் படாது. யாருக்கும் தெரியாத ஒன்றுக்காக நாளெல்லாம் மெனக்கெடுவதை நினைத்தால் அவளுக்கே சில சமயம் வேடிக்கையாக இருக்கும். ஒருநாள் அப்பா பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "காலையிலேருந்து தள்ளிக்கிட்டே இருக்கியே, அது எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்பா அழகர்சாமி பஸ் ஓட்டியவர். ஏறுகிற ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். நெற்றியிலும் கண்ணோரங்களிலும் வாயைச் சுற்றியும் வெள்ளை படர்ந்த முகம். சின்னப் பிள்ளைகள் பயணக் கார்டைத் தட்ட மறந்து நின்றுவிடுவார்கள். ஏன் இப்படி இருக்கு என்று ஒரு சீனச் சிறுமி கேட்டபோது, "பெயின்டிங் நாட் ஃபினிஷ் யெட் லா," என்றாராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். ஆனால் குடும்பப் படம் எடுக்கும்போது மட்டும் கேமராவைத் தானே வாங்கிக்கொள்வார். இந்தப் படம்கூட, ஓய்வு பெற்ற நாளில் டிப்போவில் யாரோ எடுத்தது.

கடைசித் திட்டு மறைந்ததும் படத்தைச் சிறிதாக்கினாள். சுத்தமான வேலை. தொட்ட தடமே இல்லை. "என் ராசா," என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று வைதேகிக்குத் தோன்றியது.

அச்சுக் கடைக்கு அனுப்பப் போனாள். அதற்குள் வேன் வந்துவிட்டது.

பெட்டியை இறக்கி வைத்து, ஈமச் சேவைக்காரர் மூடியைத் திறந்தார். அம்மா விசாலாட்சியை இரண்டு பெண்கள் பிடித்து அழைத்துவந்தார்கள். அப்பா தூங்குவதுபோல் கிடந்தார். முகம் முழுக்க ஒரே நிறம். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு புள்ளி வெள்ளை இல்லை.

"நல்லா டச்சப் பண்ணிட்டோம்மா. எதுவுமே தெரியாது," என்றார் அவர், இதமாக.

அம்மா அழவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "தேங்காயெண்ணெய் கொண்டாங்க. கொஞ்சம் பஞ்சு," என்றாள்.

"அதெல்லாம் சடங்கு ஆரம்பிச்ச பிறகும்மா," என்றான் அண்ணன் கபிலன்.

"சடங்குக்கு இல்லப்பா. மூஞ்சியத் துடைக்கணும்."

"வேணாம் விசாலம், விட்டுரு," என்று அத்தை முன்னே வந்தாள். "எவ்ளோ லட்சணமா இருக்கான் பாரு."

"லட்சணமாத்தான் இருக்கு, அண்ணி. ஆனா நான் இந்த மூஞ்சியோட குடும்பம் நடத்தல."

அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை.

அம்மா பஞ்சை எண்ணெயில் நனைத்து, வலது கண்ணோரத்தில் வைத்து மெல்ல இழுத்தாள். மாநிறச் சாயம் கரைந்து பஞ்சில் ஏறியது. அடியிலிருந்து வெள்ளை வந்தது.

"இது வைதேகி வயித்துல இருக்கப்ப வந்துச்சு. மொதல்ல அரிசி அளவுதான்," என்றாள், யாருக்கென்று இல்லாமல். "இது, கபிலன் என்எஸ்னு பட்டாளத்துக்குப் போன வருஷம். வாயோரம் வந்தது இந்த வீட்டுக்கு மாறினப்ப. சுண்ணாம்பு ஒட்டிக்கிச்சோன்னு நான் தேய்ச்சு தேய்ச்சுப் பாத்தேன்."

யாரோ லேசாகச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

வைதேகி இன்னும் கிட்டே வந்து நின்றாள். நாளெல்லாம் முகங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பவள் அவள். வெள்ளை என்று அவள் நினைத்திருந்தது வெள்ளையே இல்லை. ஓரிடத்தில் ரோஜா நிறம், ஓரிடத்தில் பால், இமைக்கு மேலே சங்கின் உட்புறம்போல ஒரு மினுக்கம். நெற்றித் திட்டு புருவத்தைத் தொட்ட இடத்தில் மயிரும் வெளுத்திருந்தது. ஓரங்கள், அலை ஏறி இறங்கிய மணலைப்போல, எங்கே தொடங்குகின்றன என்று சொல்ல முடியாதபடி கரைந்தன. யாரும் நகர்த்திப் பார்க்கவில்லை, யாரும் திருத்தவில்லை. அது பாட்டுக்கு ஆண்டுக்கணக்கில், அவள் சோறு தின்ற மேசைக்கு எதிரிலேயே வரைந்துகொண்டு இருந்திருக்கிறது. அவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது. தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தாள்.

காதுப் பக்கம் வழிந்திருந்த சாயத்தைத் துடைக்க அம்மா அப்பாவின் தலையைச் சற்றுத் திருப்பினாள். காதுக்குப் பின்னால், மடலை ஒட்டி, சின்னதாக ஒரு வெள்ளை.

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"இது எப்ப வந்துச்சு?"

அப்பாவைத்தான் கேட்டாள். பதிலுக்குக் காத்திருப்பதுபோல் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே," என்றவள், அப்போதுதான் உடைந்து அழுதாள்.

அத்தை புதிய பஞ்சைப் பிய்த்து, எண்ணெயில் நனைத்து, தம்பியின் விரல்களிலும் பூசியிருந்த சாயத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

வைதேகி கல்மேசைக்குத் திரும்பினாள். படக் கோப்பை மூடப் போனபோது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றாள். டிப்போவில் எடுத்த மூலப்படத்தை அப்படியே அனுப்பினாள். சற்று நேரத்தில் அச்சுக் கடையிலிருந்து ஃபோன் வந்தது.

"தங்கச்சி, மூஞ்சில அங்கங்க லைட் அடிச்ச மாதிரி இருக்கே. சரி பண்ணிரவா?"

"இல்லண்ணே. சரியாத்தான் இருக்கு."

சடங்குகள் முடிந்து, மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்பும் நேரம் உச்சி தாண்டியிருந்தது. பெட்டியின் மேற்பாதியில் முகம் தெரியக் கண்ணாடி. கீழ்த்தளத்தின் நிழலைவிட்டு வேன் வரைக்கும் திறந்த வெளி. சிமெண்டுத் தரை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கபிலனும் டிப்போ நண்பர்களும் பெட்டியைத் தூக்கி நிழலின் விளிம்புக்கு வந்தபோது, அம்மா யார் கையிலோ இருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டு விரைந்தாள். பூப்போட்ட சின்னக் குடை. விரித்துக் கண்ணாடிக்கு மேலே பிடித்தாள்.

"அந்த எடமெல்லாம் வெயில் பட்டா செவந்துரும் அவருக்கு," என்றாள்.

தூக்கியவர்கள் அவளுக்காக நடையைக் குறைத்துக்கொண்டார்கள்.