மூன்று தடவை கழுவிய புரதம்

சோதனைத் தட்டின் குழிகளில் ஒரு வரிசை மட்டும் பச்சையாக இருந்தது. கெசியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பச்சைதான். புரதம் வேலை செய்தால்தான் மஞ்சள் சாயம் பச்சையாகும். நோயாளிகளிடம் காணப்படும் இந்த மாறிய புரதம் வேலையே செய்யாது என்று அவள் நாலு வருஷம் உழைத்து ஆய்வேடு எழுதி முடித்திருந்தாள். வழிகாட்டி தோத்தாத்ரி சார் கையெழுத்தும் போட்டாயிற்று. திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் ஜனவரியில் ஜெர்மனியில் வேலை.

பச்சை வரிசை சுப்ரஜா பிரித்தெடுத்த அதே மாறிய புரதம். ஆய்வகத்தில் இரண்டு வருஷம் இளையவள். பம்மல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் புரதத்தை ஒரே தடவை கழுவிவிட்டு ஓடுகிறவள். கெசியாவோ டிபன் பாக்ஸைக்கூடக் கீச்சென்று சத்தம் வரும்வரை தேய்க்கிற ஜாதி. செல்லின் சவ்விலிருந்து பிரித்த புரதத்தைச் சோப்புக் கரைசலில் மூன்று தடவை அலசுவாள். போன வருஷம் சுப்ரஜாவின் மாதிரியை எல்லார் எதிரிலும் அழுக்கு என்று சொல்லித் தொட்டியில் கொட்டியவளும் அவள்தான். அந்தப் பெண் அன்று மதியம் சாப்பிடவில்லை.

ஒரே தடவை கழுவியதில் மிஞ்சியிருந்தது அழுக்கில்லை, கொழுப்பு. சவ்வில் புரதத்தை அணைத்தபடி இருக்கும் கொழுப்பு. சாதாரணப் புரதம் எத்தனை அலசினாலும் அதை விடாது. மாறியதற்குப் பிடி கொஞ்சம் தளர்வு. மூன்று தடவை அலசினால் கொழுப்பு போய்ச் செத்துவிடும்; அது பாவம், என்ன செய்யும்?

தன்னுடைய செத்த புரதத்தில் சவ்வுக் கொழுப்பைக் கொஞ்சம் சேர்த்தாள். பக்கத்துக் குழியில் வெறும் கொழுப்பு. 'கர்த்தரே, ரெண்டும் மஞ்சளாவே இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிய பிறகு வெட்கமாக இருந்தது. அரைமணி கழித்துச் சாயத்தை விட்டாள். வெறும் கொழுப்பு மஞ்சளாகவே நின்றது. அவளுடைய புரதம் பச்சையானது.

சுப்ரஜா சாயக் குப்பிகளை அடுக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, மறுபடியும் என்னோடது டர்ட்டியா? கொட்டிடவா?" தட்டை எடுக்கக் கையும் நீட்டிவிட்டாள்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கொட்டாத. உன்னோடது கரெக்ட். நான்தான் கழுவிக் கழுவிக் கொன்னுட்டேன்."

"அக்கா... அப்போ உங்க தீசிஸ்?"

கெசியா போனை எடுத்து சாரைக் கூப்பிட்டாள். சுப்ரஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"சொல்லும்மா, தீசிஸ் பைண்டிங் முடிஞ்சுதா?"

"இல்ல சார். பைண்ட் பண்ண வேண்டாம்" என்றாள் கெசியா. அவளுடைய வெள்ளைக் கோட்டின் தோளில், சுப்ரஜாவின் கையுறையிலிருந்த சாயம் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.