பார்த்துக்கொண்டதன் விலை

1

இந்தக் கதையை ஒரு போன் பேச்சிலிருந்து எடுத்தேன். எடுத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. திருடினேன் என்பதே சரி.

என்னிடம் ஒரு குட்டி மின்சாரக் கார் இருந்தது. நாலு பேர் உட்காரலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். நாலாவது ஆள் காலை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். அதை விற்றுவிடலாம் என்று பழைய மின்சாரக் கார்கள் வாங்கி விற்கும் யார்டுக்குப் போனேன். அங்கே விலை போடும் பெண்மணி என் காரைச் சுற்றி வந்துகொண்டே போனில் யாரிடமோ சொன்னார்: "பேட்டரி நல்லா இருந்தா விலை கூடத்தான் செய்யும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

கடைசி வார்த்தையில் அவர் குரல் இறங்கிவிட்டது. அப்புறம் என் காருக்கு ஒரு விலை சொன்னார். யானை விலை குதிரை விலை என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தவன், அதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்த பிறகு என் விலை மறந்துவிட்டது, அந்த வாக்கியம் மறக்கவில்லை. விலை கூடினால் யாருக்கு வருத்தம்? விற்கிறவருக்குச் சந்தோஷம். வாங்குகிறவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். விலை போடுகிறவர் குரல் அப்படி இறங்கவேண்டிய அவசியம் என்ன? பல் தேய்க்கும்போது பிடிபட்டது. காரை நன்றாகப் பார்த்துக்கொண்டவரே அதை வாங்கவும் வேண்டி வந்தால்?

உண்மையில் அந்தப் போனில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. டயர்க் கடைக்காரரிடம் பேசியிருக்கவும் கூடும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை போயிருக்கும்.

2

ஆரம்பங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

'வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. யார்டின் வாசலில் ஒரு நீல நிறக் கார் சத்தமில்லாமல் வந்து…' [நிறுத்திவிட்டேன். வெயில் ஏறாமல் நாம் எந்தக் கதையைத் தொடங்கியிருக்கிறோம்?]

'மின்சாரக் காரின் விலையில் பெரும்பங்கு அதன் பேட்டரிக்கே. ஆகவே பழைய கார் வாங்குவோர்…' [இது கடையில் இலவசமாகக் கொடுக்கும் தாளில் வர வேண்டியது.]

'அவளை யார்டில் எல்லோரும் விலைக்காரி என்றே கூப்பிட்டார்கள்.' [இது இருக்கட்டும்.]

அவளை யார்டில் எல்லோரும் விலைக்காரி என்றே கூப்பிட்டார்கள். முன்பு பெட்ரோல் கார்களுக்கு விலை போட்டவள். அந்தக் காலத்தில் பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்து, எஞ்சின் இருமுகிறதா என்று கேட்பாள். இப்போது கேட்க ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் சொருகினால் பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று நூற்றுக்குக் கணக்கு சொல்லிவிடும். ஆனாலும் கருவியை அவள் கடைசியில்தான் சொருகுவாள். முதலில் டயரைத் தடவுவாள். சார்ஜ் போடும் துளையில் கருகிய தடம் உண்டா என்று விரலை விட்டுப் பார்ப்பாள். ஏசியைப் போட்டுக்கொண்டு மேம்பாலம் வரை ஓட்டிப் போய் வருவாள். பிறகு மனதில் ஒரு எண்ணை நினைத்துக்கொண்டு கருவியைச் சொருகுவாள். ஒன்றிரண்டுக்கு மேல் தப்பாது.

அன்றைக்கு அவள் முன்னால் நின்றது அவளுடைய தம்பியும் தம்பி மனைவியும் சேர்ந்து வாங்கிய கார்.

3

அவர்கள் இருவரும் பிரிவது என்று முடிவாகிவிட்டது.*

* ஏன் என்று என் மனைவி கேட்டாள். அவள்தான் என் கதைகளை முதலில் படிப்பவள். தெரியாது என்றேன். "எழுதறவருக்கே தெரியலன்னா எப்படி?" என்றாள். பக்கத்து வீட்டில் பிரிந்தவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று நமக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்று சொல்லி ஒரு மணி நேரம் விளக்கினாள். அதை இங்கே எழுத முடியாது.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மனைவி பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், இடுப்பு உடைந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் நடக்கவைப்பது அவள் வேலை. பாத்திரம் பண்டம், மெத்தை, வாடகை வீட்டு முன்பணம் எல்லாம் பிரித்தாகிவிட்டது. கார் மட்டும் பாக்கி. இருவரும் சரிபாதி போட்டு வாங்கியது. அதை நறுக்க முடியாதே. கார் அவளிடம் இருக்கட்டும், இன்றைய விலையில் பாதியை அவள் அவனுக்குக் கொடுத்துவிடட்டும் என்று பேசிக்கொண்டார்கள். அவனுக்கும் கடை மாற்றப் பணம் வேண்டியிருந்தது. விலை யார் போடுவது என்று வந்தபோது இருவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: அக்கா போடட்டும்.

அவனுக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. தம்பி மனைவியான இவளுக்கு நாத்தனார், முறைப்படி அண்ணி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். வந்த நாளிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டுவிட்டாள். நாத்தனாரிடம் நியாயம் கேட்டு நிற்பது பாம்பின் வாயில் தேரை போய் நிற்பதைப் போல என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வீட்டில் அப்படி இல்லை. காய்ச்சல் வந்தால் இவள் முதலில் போன் செய்வது அக்காவுக்குத்தான்.

இவள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். காரின் பின்பக்கத்தில் மடக்கு மேசை ஒன்றும் எடைப் பைகளும் எப்போதும் கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. கார் போனால் அவளுடைய நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் போவார்கள், அவர்களோடு அவள் தனியாகப் பிழைக்கும் வழியும் போகும். வங்கியில் கடன் ஏற்கெனவே உண்டு, இன்னொன்று தரமாட்டார்கள். இந்த வயதுக் காருக்குப் பேசப்படும் விலை வந்தால் பாதியைக் கொடுத்துவிடக் கையில் பணம் வைத்திருந்தாள். அதற்கு மேலே போனால் இல்லை.

4

தம்பியும் அவன் மனைவியும் பக்கத்தில் நிற்க, விலைக்காரி டயரைத் தடவினாள். துளைக்குள் விரலை விட்டாள். மேம்பாலம் வரை போய்த் திரும்பினாள். மற்ற கார் என்றால் எண்பத்தைந்து என்று நினைத்திருப்பாள். திரும்பி வரும் வழியிலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கவே இல்லை.

கருவி தொண்ணூற்று நாலு காட்டியது.

எடுத்துவிட்டு மறுபடி சொருகினாள். தொண்ணூற்று நாலு.

இதற்குப் பின்னால் இருப்பது பேட்டரியின் குணம். வயிறு முட்டச் சாப்பிடுவதும் அதற்கு ஆகாது, பட்டினி கிடப்பதும் ஆகாது. எண்பதில் சார்ஜை நிறுத்த வேண்டும், இருபதுக்குக் கீழே விடக்கூடாது, நிழலில் நிறுத்த வேண்டும், வேக சார்ஜரை அவசரத்துக்கு மட்டும் தொட வேண்டும். சொல்வது சுலபம். நான் என் காரை ஒவ்வொரு ராத்திரியும் நூறு ஆக்கிவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதியின் விலையைத்தான் யார்டில் சொன்னார்கள்.

தம்பியும் என் கட்சி. நூறு ஆகட்டும், வழியில் நின்றுபோனால் யார் தள்ளுவது என்பான். அவன் மனைவி எண்பது போதும் என்பாள். ராத்திரி படுத்த பிறகு எழுந்து கீழே போய் வயரைப் பிடுங்கிவிட்டு வருவாள். காலையில் அவன் பார்த்துவிட்டுக் கத்துவான். அவளும் விடமாட்டாள். அவர்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி, எண்பதுக்கும் நூறுக்கும் நடுவிலுள்ள இந்த இருபதுக்காகத்தான். அக்காவுக்கும் தெரியும், இரண்டு பேரும் தனித்தனியாக அவளிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். காருக்கு இப்படி ஒரு மாமியாரா என்று அவள் சிரித்திருக்கிறாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. தம்பி மனைவி வயரைப் பிடுங்கிய ஒவ்வொரு ராத்திரியும் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த விலையில் பாதியை அவள்தான் அவனுக்குத் தர வேண்டும். ஏனோதானோ என்று ஓட்டியிருந்தால் கார் அவள் கைக்கு வந்திருக்கும்.

5

இந்த இடத்தில் தம்பியைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். கதை சட்டென்று முடிந்துவிடும், உங்களுக்கும் யாரைத் திட்டுவது என்று தெரிந்துவிடும்.

'அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு…' [இல்லை.]

'தொண்ணூற்று நாலு என்று கேட்டதும் மனதுக்குள் கணக்குப் போட்டவன்…' [இதுவும் இல்லை. கணக்கு எல்லோரும்தான் போடுவார்கள்.]

அவன் கருவியைக்கூடப் பார்க்காமல், காரின் பின்கதவைத் திறந்து, மடக்கு மேசை சரிந்து கிடந்ததை நிமிர்த்தி வைத்துவிட்டு மூடினான். இப்படிச் செய்கிறவனை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லன் பண்ணுவது?

6

முடிவுகளுக்கு வருவோம்.

ஒன்று. விலைக்காரி கருவியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எண்பத்தாறு என்று சொல்லிவிடுகிறாள். தம்பி நம்புவான். கார் இவளுக்குக் கிடைக்கும். அன்றுவரை விலையில் பொய் சொல்லாதவள் ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்? இதைத்தான் எழுதத் தொடங்கினேன். அக்கா வாயைத் திறந்தாள், "எண்ப" என்பது வரை வந்துவிட்டது. இவள் குறுக்கே வந்துவிட்டாள்.

"குறைச்சுப் போடாதீங்க அக்கா."

"உனக்காகத்தான்டீ."

"தெரியும். ஆனா எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாதா? நான் ஒழுங்கா பாத்துக்கிட்டேன்னு இந்த வீட்டுல எனக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான். அதையும் நீங்களே அழிச்சுட்டா எப்படி?"

இதை நான் எழுதவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கார் போனாலும் பரவாயில்லை, எண் நிற்க வேண்டும் என்கிறாள். முதல் முடிவு அவளாலேயே போயிற்று.

இரண்டு. இதைக் கண்டுபிடித்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். இந்த வயதுக் காருக்குச் சாதாரணமாக என்ன விலையோ அதை மட்டும் பாதி பாதியாகப் பிரிப்பது. அதற்கு மேலே வருவது பார்த்துக்கொண்டவளின் உழைப்பு, அது அவளுக்கே. பொய்யும் இல்லை, காரும் கிடைக்கும். விலைக்காரியின் வாயில் இதை வைத்தேன். தொழில் தெரிந்தவள், அழகாக எடுத்துச் சொன்னாள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டான். பிறகு காரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"சரிக்கா. தினமும் சமைச்சது நான். அவ ஒன்பது மணிக்கு வந்தாலும் சூடா எடுத்து வச்சது நான். அதுக்கு எதைச் சொருகிப் பாப்ப?"

விலைக்காரி கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். இவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா, அது நெஜம்தான்," என்றாள். அவள் அதை மறுத்திருந்தால்கூட எனக்கு எழுதச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்று. காரை வெளியாளுக்கு விற்று, பணத்தைப் பிரித்துக்கொள்வது. யார்டே வாங்கிக்கொள்ளும். [எழுதினேன். அவள் மடக்கு மேசையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள். பஸ் நிறுத்தம் வரை போவதற்குள் என்னால் முடியவில்லை, தாளைக் கிழித்துவிட்டேன்.]

7

ஆகவே அவர்களை மறுபடி அந்தக் காரைச் சுற்றி நிறுத்தியிருக்கிறேன்.

விலைக்காரி ஒரு அட்டையை எடுத்துத் தொடையில் வைத்து எழுதினாள். குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. வெளியாள் யார் கொண்டுவந்திருந்தாலும் என்ன போட்டிருப்பாளோ அதையே போட்டாள். எழுதி முடித்ததும் அட்டையைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு, கண்ணைத் துடைப்பதை யாரும் பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். பிழைப்பு அப்படி.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவளால் கொடுக்க முடியாத விலை. அவன் எதிர்பார்த்ததைவிடப் பெரிய விலை. இந்த வயதில் இப்படி ஒரு விலை வந்த குட்டிக் காரை அந்த யார்டு பார்த்ததில்லை.

அவன் அட்டையை எடுத்தான். கண்ணாடிக்காரன் அல்லவா, தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தான். பார்த்துவிட்டு அவளிடம் கேட்டான்:

"இதுக்குத்தானா எண்பது எண்பதுன்னு உயிரை வாங்கின?"

கேலி இல்லை. குற்றமும் இல்லை. இத்தனை வருஷம் நச்சரிப்பு என்று நினைத்திருந்தது என்னவென்று இப்போதுதான் அவன் கையில் இருக்கிறது. அவனுக்கு அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தில் எழுத வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

அவள் என்ன சொன்னாள்? மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் சாவியை அவனிடம் கொடுத்தாள், ஒன்றில் அவன் பாதியை வேண்டாம் என்று சொல்லும்படி பேசினாள், ஒன்றில் அழுதாள். மூன்றுமே நான் பேசியவை, அவள் பேசியவை அல்ல. என் மனைவியிடம் கேட்டேன். படித்துவிட்டுத் தாள்களை அடுக்கி வைத்தாள். அப்புறம் எழுந்து போய், இந்தக் கதையை ஏன் எழுதினீர்கள் என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

கார் கடைசியில் யாரிடம் போயிற்று என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கும்தான். அது அவள் இப்போது சொல்லப்போவதில்தான் இருக்கிறது. நீங்களும் யாரோடாவது ஒரு வீட்டில் இருந்திருப்பீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டது அங்கே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், உங்களைப் பார்த்துக்கொண்டது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். அவள் இடத்தில் பேச என்னைவிட உங்களுக்குத் தகுதி அதிகம்.

அவன் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அக்கா இன்னும் திரும்பவில்லை. பார்த்துக்கொண்டவள் வாயைத் திறக்கிறாள்.

சொல்லுங்கள்.