இதற்கு மேல் லேசாக்க முடியாது

சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரம் எங்கள் ரெகுலேட்டர்களை எல்லாம் வாஷரின் பட்டறைக்குக் கொண்டு போய்விடுவோம். நீருக்கடியில் போகிறவர்களுக்குச் சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று கொடுக்கிற கருவி அது. ஒரு முனை சிலிண்டரின் கழுத்தில் உட்காரும். மறுமுனையின் ரப்பரைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். இழுத்தால் காற்று வரும், விட்டால் நிற்கும். என் கணவர் கடலுக்குள் மூழ்கி நீந்தக் கற்றுக்கொடுப்பவர். தண்ணீருக்குள் மாணவர்களுக்கு முன்னால் அவர் போவார், பின்னால் நான் போவேன். நடுவில் யாரும் தொலைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் தொழில்.

வாஷர் என்பது அவனுடைய பெயரல்ல. எந்தக் கோளாறோடு போனாலும், பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே "வாஷர் போயிருக்கும்ணே" என்பான். என் கணவர் விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்தது, இன்று அவன் பட்டறைப் பலகையிலேயே ஏறிவிட்டது.

பட்டறை மாடியில். நான் பிளாஸ்டிக் தொட்டியோடு முதலில் ஏறிவிட்டேன். அவர் பாதிப் படியில் நின்று செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். மேலே வந்து சேர்ந்ததும் கதவு நிலையில் கை ஊன்றி நின்றார்.

"என்னடா வாஷர், கடையக் கீழ கொண்டு வர மாட்டியா? உன்ன பார்க்க வர்றவன் எல்லாம் மலையேறி வரணுமா?"

"கீழ இருந்தா தினமும் வந்து உக்காந்துடுவீங்கண்ணே. அதுக்குத்தான் மேல வச்சிருக்கேன்."

வேலை ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு ரெகுலேட்டரிலும் முதலில் காற்று நுழையும் இடத்திலுள்ள வடிகட்டியைப் பார்ப்போம். பச்சை பூத்திருந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, ரப்பர்க் குழாயை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்போம். கடைசியாக, அந்த மாடலுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்ற கேள்வி. இந்த மூன்றையும் வைத்து, சர்வீஸ் செய்வதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று முடிவாகும். மாணவர்களுக்கான செட்டுகளில் ஒன்று மட்டும் உள்ளே முழுக்கப் பச்சை.

"இதுக்கு சர்வீஸ் வேணாம்ணே. இரங்கல் கூட்டம் போட்டுடலாம்."

"போன வருஷமும் இதையேதான சொன்ன? அப்புறம் நீதான தேய்ச்சுக் குடுத்த?"

"போன வருஷம் இது ஆஸ்பத்திரியில இருந்துச்சுண்ணே."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்காமல், தொட்டியின் அடியிலிருந்த தன்னுடைய ரெகுலேட்டரை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதையும் மாத்திடலாம்டா. இழுக்கக் கனமா இருக்கு. நீயும் ரெண்டு தடவ பார்த்துட்ட, சரியாகல. எதுக்கு இத வச்சு மாரடிக்கணும்?"

வாஷர் வழக்கமான வசனத்தைச் சொல்லவில்லை. "பார்க்கறேண்ணே" என்று மட்டும் சொன்னான். பக்கத்து அறையில் விற்பனைக்கு வந்திருக்கும் புதிய மாடல்களைக் காட்டும்படி கடைப் பெண்ணிடம் சொல்லி அவரை அனுப்பிவைத்தான்.

அவர் போனதும் ரெகுலேட்டரை ஒரு சிலிண்டரில் பூட்டி, வாய்ப்பக்கத்தை முள் வைத்த ஒரு மீட்டரோடு இணைத்தான். காற்று வருவதற்கு எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும் என்று காட்டும் மீட்டர் அது. முள் அசைந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. அதற்குள் காற்று வந்துவிட்டது.

"அண்ணி, நீங்க ஒரு தடவ இழுத்துப் பாருங்க."

கடித்துக்கொண்டு இழுத்தேன். இழுத்தேன் என்று கூடச் சொல்ல முடியாது, இழுக்க நினைத்தேன். வாய் நிறையக் காற்று வந்து மோதியது. என்னுடையதில் இப்படி வராது. எதிலுமே இப்படி வராது.

"இதுல கோளாறு ஒண்ணும் இல்ல அண்ணி. முத தடவ வந்தப்பவே இல்ல. அண்ணன் கனமா இருக்குன்னாரேன்னு ஸ்பிரிங்கக் கொஞ்சம் தளர்த்தினேன். மறுபடி வந்தாரு, இன்னும் தளர்த்தினேன். இதுக்கு மேல லேசாக்க முடியாது. லேசாக்கினா, தண்ணிக்குள்ள போனதும் யாரும் இழுக்காமலே காத்து தானா கொட்டிடும்." ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "அவருகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. என்னத் தூக்கி வளத்த மனுஷன் மாதிரி அவரு."

நான் எதையும் கணக்காகச் செய்கிறவள். ஒவ்வொரு முறை மேலே வந்ததும் எல்லாருடைய சிலிண்டரிலும் எவ்வளவு காற்று மீதி என்று பார்ப்பவள். அவருடையது முன்பைவிடச் சீக்கிரம் தீர்வதைக் கவனித்திருந்தேன். ரெகுலேட்டர் கசிகிறது என்றார். சரி என்றேன். ரெகுலேட்டரைப் பற்றி அவரைவிட எனக்கென்ன தெரியும்?

அவர் திரும்பி வந்தார். கையில் புத்தம் புதிய ரெகுலேட்டர், முகத்தில் கடைக்குப் போன பையனின் களை.

"பாரும்மா, எடையே இல்ல. வாஷர், இதப் பூட்டு. பழசத் தூக்கிக் கடாசு."

வாஷர் என்னைப் பார்த்தான். பிறகு இன்னொரு சிலிண்டரில் பூட்டினான். அவர் நின்றபடியே கடித்து இழுத்தார். முதல் மூச்சுக்குப் புருவம் உயர்ந்தது. இரண்டாவது மூச்சுக்கு இறங்கியது. மூன்றாவதில் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. வாயிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் கனம்தான். இப்பல்லாம் எவன்டா ஒழுங்கா செய்யறான்?"

வாஷர் தரையில் விழாத எதையோ குனிந்து தேடினான்.

சனிக்கிழமை புது மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் யாராவது பயந்துபோய்க் கைகாலை உதறினால், அவர் தன்னுடைய காற்றைப் பகிர்ந்து கொடுத்து மேலே கொண்டு வர வேண்டும். அப்போது அவருக்கு மூச்சு போதாவிட்டால் இரண்டு பேர் போவார்கள். இதை நான் சொல்லாவிட்டால் இந்த அறையில் யாரும் சொல்லப் போவதில்லை.

புதியதை அவர் கையிலிருந்து வாங்கி இழுத்தேன். பிறகு பழையதையும் அவர் கண் முன்னால் இழுத்தேன்.

"ரெண்டும் லேசா இருக்குங்க."

"உனக்கு லேசா இருக்கா?"

"இருக்குங்க."

"பழசுமா?"

"பழசு இன்னும் லேசு."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "மாடிப்படியில எந்த ரெகுலேட்டரும் இல்லையே, அங்கயும் கனமாத்தான இருக்கு. போன சீசன் பாதியிலேயே டாக்டர்கிட்ட போனேன். நுரையீரல் தடிச்சுக்கிட்டே வருதாம். மருந்து குடுத்தா கொஞ்சம் மெதுவாகுமாம். திரும்பச் சரியாகாதாம். தண்ணிப் பக்கமே போகாதீங்கன்னுட்டாரு."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ அன்னைக்கே நிறுத்தியிருப்ப. இன்னும் ஒரு தடவ, இன்னும் ஒரு தடவன்னு போயிட்டிருந்தேன். இந்தப் பய வேற லேசாக்கிக் குடுத்துட்டே இருந்தான்."

"அண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே..."

"உன்ன யாருடா குத்தம் சொன்னா? நல்லாத்தான் செஞ்ச." மேசை மேல் கிடந்த பழைய ரெகுலேட்டரை அவனிடம் தள்ளினார். "நல்ல சாமான். கடாச வேணாம். பழையபடி இறுக்கி வை. எல்லாரும் இழுக்கற மாதிரி வை. செத்துப்போன செட்டுக்குப் பதிலா இது பசங்களுக்கு ஆகும்."

வாஷர் அதை மறுபடி மீட்டரோடு இணைத்து மூடியைக் கழற்றினான். ஸ்பேனரை ஒரு சுற்றுத் திருப்பினான். மீட்டரின் முள் கொஞ்சம் எழுந்தது.

"இன்னும்," என்றார் என் கணவர்.

இன்னொரு சுற்று.

"இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். நிறுத்து." மீட்டரை உற்றுப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இழுத்துச் சொல்லும்மா."

கடித்துக்கொண்டேன். மூடி வைத்த கதவைத் தள்ளுவதுபோல் ஒரு சின்னத் தடை, அப்புறம் காற்று. எந்த மாணவனுக்கும் நம்பிக் கொடுக்கலாம்.

ரெகுலேட்டர் இன்னும் என் வாயில்தான் இருந்தது. அது வாயில் இருக்கும்போது எங்களுக்குப் பேச்செல்லாம் கையில்தான். பழக்க தோஷத்தில் அவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்து என்னைப் பார்த்தார். எல்லாம் சரிதானே என்ற கேள்வி அது. தண்ணீருக்குள் இப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது.

சரி என்று காட்ட விரல்கள் சேரவில்லை. கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். சரியில்லை என்று அர்த்தம். அடுத்ததாக, எங்கே சரியில்லை என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும். காது என்றால் காதை, கால் என்றால் காலை.

என் விரல் அவர் நெஞ்சுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் அப்படியே நின்றது. அவர் வட்டத்தைக் கலைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரமெல்லாம் நான் அவருடைய காற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.