மார்கழி வெயிலுக்கு ஒரு கையெழுத்து

ஆனி மாத உச்சி வெயிலில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மொட்டைமாடி கொதித்தது. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊர் அது. புதிதாகப் பொருத்திய சோலார் பலகைகள் பளபளத்துக்கொண்டிருந்தன.

"பாத்தியா பாப்பா, ஒரு பொட்டு நெழலு உண்டா?" என்று கேட்டார் ஜோசப்ராஜ். கடலூரில் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்பவர்; இந்தப் பலகைகளைப் பொருத்தியதும் அவர்தான். அந்த வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வந்திருந்த பொறியாளர் நித்யா மேரி, அவருடைய அக்கா மகள். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவளைச் சிதம்பரத்தில் சேர்த்துப் படிக்க வைத்தவரே அவர்தான். ஒப்பந்தக்காரர் தன் மாமா என்று நித்யா மேலதிகாரியிடம் முன்பே சொல்லியிருந்தாள். "அப்ப இன்னும் நல்லா பாத்துட்டு வாங்க" என்று அவர் அனுப்பியிருந்தார்.

நித்யா பலகைகளைப் பார்க்கவில்லை. அவற்றுக்குத் தெற்கே, ஒட்டினாற்போல நின்ற மாடிப்படி அறையைப் பார்த்தாள். ஒரு கோணமானியில் நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, பலகை ஓரத்தில் குனிந்து, அந்த அறையின் உச்சியைக் குறிபார்த்தாள்.

"மாமா, இப்ப சூரியன் தலைக்கு மேல கொஞ்சம் வடக்க சாஞ்சி நிக்குது. அதான் நெழலு இல்ல. மார்கழியில தெக்க போயிடும். நம்ம ஊர்ல அப்ப நடுப்பகல்லகூட அம்பத்தஞ்சு டிகிரிக்கு மேல ஏறாது. இங்கேருந்து பாத்தா இந்த ரூம் அறுபதுக்குக் கிட்ட நிக்குது. சூரியன் ரூமுக்குப் பின்னாடி பூடும். நீங்களே பாருங்க."

ஜோசப்ராஜ் கோணமானியை வாங்கிக் கண்ணருகே வைத்தார். அவள் சொன்னது புரிந்தது. புரிந்ததும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"புயல் காத்துக்கு மறைவா இருக்கட்டும்னுதான் இங்க வெச்சேன். ஒரு ஓரம் நெழலு விழுந்தா என்னா குடி முழுகிப்போவுது?"

"ஒரு பலகை நெழல்ல இருந்தா, அது கூட சேத்துக் கட்டின மத்ததும் மந்தமாயிடும் மாமா. மழைக்காலத்துல கரண்டும் ஜாஸ்தி போவும். கீழ தடுப்பூசி ஃப்ரிட்ஜ் இருக்குது. அறைக்குத் தெக்குப் பக்கம் எடமும் சும்மாதான் கெடக்குது. அங்க மாத்திடுங்க."

"மாமனுக்கு ஒரு கையெழுத்து போடமாட்ட?"

"மாத்தினதும் போடுறேன் மாமா."

அவர் விடுவிடுவென்று இறங்கிப் போனார். அன்று மாலையே அக்கா சவரிமேரிக்குப் போன் செய்து, "இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்றார். சவரிமேரி மகளிடம் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் ஜோசப்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். நித்யாவுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கையெழுத்துப் போட மட்டும் அவள் மனம் ஒப்பவில்லை.

அந்த வாரம், மாடியில் விட்டுவந்த கருவிகளை எடுக்க ஜோசப்ராஜ் சுகாதார நிலையத்துக்குப் போனார். நடந்தது எதுவும் தெரியாத செவிலியர் வெண்மதி சிரித்த முகத்தோடு எதிரே வந்தார்.

"சோலாரு எப்ப சார் ஓட ஆரம்பிக்கும்? போன வருசம் மழையில கரண்ட் போயி, ஃப்ரிட்ஜ்ல இருந்த தடுப்பூசி எல்லாம் வீணாயிடுச்சி. தண்ணியில நனைஞ்சிக்கிட்டு கொழந்தயத் தூக்கிட்டு வந்தவங்கள, மருந்து இல்லன்னு திருப்பி அனுப்பினேன். அவுங்க மொகத்தப் பாக்க முடியல சார். இனிமே அந்தக் கவல இல்ல."

ஜோசப்ராஜால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாடிக்குப் போய்ப் பலகை ஓரத்தில் குனிந்து அந்த அறையின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். பிறகு வேலையாட்களுக்குப் போன் செய்தார்.

பலகைகளைக் கழற்றி, அறைக்குத் தெற்கே திறந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள். புயலுக்கு அசையாதபடி ஒவ்வொரு காலுக்கும் கான்கிரீட் போட்டார்கள். பலகைகளைத் தெற்கு நோக்கி இலேசாகச் சாய்த்து முடுக்கியதும் அவரே நித்யாவை அழைத்தார்.

"வந்து பாரும்மா. மாமன் வேலன்னு பாக்காத. இன்ஜினியரா பாரு."

அவள் அப்படியே பார்த்தாள். தெற்கே எதுவும் மறைக்கவில்லை. சாய்வை அளந்தாள், போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

இருவரும் இறங்கி வந்ததும், கீழே நின்ற ஊர்த்தலைவர் செந்தமிழ்செல்வன் சிரித்தார். "அக்கா பொண்ணு ஆபிசரா இருந்தா ஒமக்கு என்னய்யா கவல! கையெழுத்து ஈசியா கெடச்சிருக்கும்."

"ஈசியாவா?" ஜோசப்ராஜ் மருமகளின் தோளில் கை வைத்து நிமிர்ந்து நின்றார். "மொதல்ல வெச்சது தப்புன்னு, மாமன்னுகூட பாக்காம கையெழுத்து போடமாட்டேன்னுட்டா தலைவரே. மொத்தத்தயும் கழட்டி மாட்ட வெச்சிட்டா. சொந்தக்காரன் செஞ்ச தப்புக்குக் கையெழுத்து போட்டா அது பாசம் இல்ல, ஊருக்குச் செய்யுற துரோகம். இத எனக்குப் புரிய வெச்சது எங்க வீட்டுப் பொண்ணு!"