வியாகுலம் பிடித்த மூச்சு

மதுரை டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "இதயத்து ரத்தக்குழாயை வெளியில இருந்தே ஸ்கேன்ல படம் பிடிச்சிரலாம். தெளிவா விழலைன்னா, தொடை வழியா குழாய் விட்டுத்தான் பார்க்கணும்."

தங்கச்சிமடம் விசைப்படகுச் சங்கத் தலைவர் வியாகுலத்துக்குப் புயல் பயமில்லை, போலீஸ் பயமில்லை. அந்தக் குழாய் ஒன்றுக்குத்தான் பயம். மாலை விழுந்து பழகிய கழுத்தோடு, முதுகு திறந்த பச்சை அங்கியில் மெஷினுக்குள் மல்லாந்து கிடந்தார்.

"அய்யா, பத்து செகண்ட் மூச்சைப் பிடிக்கணும். நெஞ்சு அசையக் கூடாது" என்றாள் டெக்னீசியன் முருகேஸ்வரி.

"பத்தா? ஏத்தா, சங்கு குளிச்ச காலத்துல ரெண்டு நிமிசம் தண்ணிக்குள்ள கிடந்தவன் நான். மன்னார் கடல்ல கேட்டுப் பாரு."

கடலிடம் விசாரிக்க அவளுக்கு நேரமில்லை. படம் தெளிவாக விழுவதற்கான மருந்து ஊசி வழியே ஏறியது. உடம்பெல்லாம் கொதித்தது. மெஷின் சுற்றி நின்றது.

"படம் கலங்கிருச்சு. மூச்சை விட்டீங்களா?"

"விடலையே! மெஷினைப் பாரு, பழசா இருக்கும்."

வாசலில் நின்ற அவர் மனைவி யாகப்பம்மாள் தலையிலடித்துக்கொண்டாள். "விட்டிருப்பாரும்மா. சங்கு குளிக்கிற ஆளுக தண்ணிக்குள்ள மூக்கு வழியா கொஞ்சங்கொஞ்சமா குமிழி விடுவாக. இவருக்குத் தூக்கத்துலயும் அதே பழக்கம்."

தலைவர் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மருந்து இன்னும் ஒரே தடவைதான் ஏத்தலாம். இதுவும் போனா குழாய்தான்" என்றாள் முருகேஸ்வரி.

"இந்தாங்க, தலைவரா இருக்காம சும்மா பொணமாட்டம் கிடங்க" என்றாள் யாகப்பம்மாள்.

மறுபடியும் கொதிப்பு. மூச்சைப் பிடித்தார். மூக்கு நமநமத்தது, ஒரே ஒரு குமிழி விட்டால் போதும் என்று நெஞ்சு கெஞ்சியது. பல்லைக் கடித்தார். மனதுக்குள் மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினார். அதன் கடைசி வரியில் சாவு என்ற பேச்சு வரும். அதற்கு முந்தின வரியிலேயே நின்றுகொண்டார்.

"மூச்சு விடுங்கள்" என்றது மெஷின். அவர் நம்பவில்லை. மூஞ்சி ஊதா நிறமானது.

முருகேஸ்வரி ஓடிவந்தாள். "விடுங்கய்யா! படம் சுத்தமா விழுந்திருச்சு. அடைப்பு எங்கனன்னு டாக்டர் இதுலயே பார்த்துக்குவாரு."

மூச்சு புயலாக வெளியே வந்தது.

"ஏத்தா, எம்புட்டு நேரம் பிடிச்சேன்?"

"படத்துக்கு ஒம்போது செகண்ட்."

யாகப்பம்மாள் சட்டையை நீட்டினாள். "ஊர்ல ரெண்டு நிமிசம்னே சொல்லிக்கங்க. நான் வாயத் திறக்கல."