தாழக் கட்டிய கம்பி

ரேடியோ சாமான் கடையில்தான் தையற்காரிக்கு முதல் சந்தேகம் தட்டியது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் ஊராரை மேலேயும் கீழேயும் அனுப்பிவிட்டு, விடுமுறை வந்தால் கூடாரத்தையும் ஹாம் ரேடியோவையும் காரில் போட்டுக்கொண்டு காட்டோரம் போய்விடுவார். கேட்டால், அதில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிறாராம். பேசட்டும், சீட்டாடாமல் இருந்தால் சரி என்று அவளும் விட்டுவைத்திருந்தாள். வீட்டில்தான் பேச்சே கிடையாதே. அம்மா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று உதறிவிட்டு ஒரே மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். "இனி அவகிட்ட போன்ல ஒரு வார்த்தை பேசினீங்க, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியவள் தையற்காரி. பிடிவாதத்தில் அம்மாவும் மகளும் ஒரே அச்சு.

கடைக்காரர் ஒரு மடக்குக் கம்பத்தை எடுத்து நீட்டினார். "கேம்ப்புக்கு இதுதான் சார். மடக்கினா பைக்குள்ள அடங்கிடும். நிமிர்த்தி, உச்சியில ஆன்டெனாவைக் கட்டிட்டீங்கன்னா கடல் தாண்டிப் பேசலாம்."

"அது வேண்டாம். நீளக் கம்பி போதும். ரெண்டு மரத்துக்கு நடுவுல தலை உயரத்துல கட்டிக்குவேன்."

கடைக்காரர் சிரித்தார். "அவ்வளவு தாழக் கட்டினா அலை நேரா மேல போய்ப் பக்கத்துலயேதான் விழும். கார்ல நாலஞ்சு மணி நேரத்துல போற ஊரோட பேசலாம், அவ்வளவுதான்."

"அது போதும்" என்றார் மெக்கானிக், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

தையற்காரியின் காது விடைத்தது. வெளிநாடு வெளிநாடு என்று இத்தனை நாள் காதில் பூச்சுற்றிய மனுஷனுக்குப் பக்கத்து ஊர் எதற்கு? அங்கே எவள் இருக்கிறாள்? போன மாதம் பளிச்சென்று சவரம் செய்துகொண்டு கிளம்பினாரே, காட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மகள்தான் போனாள். இவரும் போய்விட்டால் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்?

"இந்தத் தடவை நானும் வர்றேன்" என்றாள்.

"உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்? கொசு பிச்சுப் புடுங்கும்."

"புடுங்கட்டும்."

காட்டோரத்தில் கம்பியைக் கட்டும்போதே அவர் வாட்சைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில், "ஓடையில கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வர்றியா?" என்று குழைந்தார். கேன் நிறையத் தண்ணீர் இருப்பது அவளுக்குத் தெரியும். வாளியை எடுத்துக்கொண்டு போவதுபோல் போய், காரைச் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் வந்து நின்றாள்.

இரைச்சலுக்கு நடுவே ரேடியோவில் ஒரு பெண் குரல். வாத்து கத்துவதுபோல் நசுங்கிய குரல்தான், ஆனாலும் இளசு. "உங்களுக்காகத்தான் காத்துட்டிருந்தேன்" என்றது.

தையற்காரி வாளியைக் கீழே போட்டாள். "யாருங்க அவ?"

மெக்கானிக் குமிழை ஒரு நூல் திருப்பினார். நசுங்கிய குரல் தெளிந்தது. "சளி சரியாயிடுச்சாப்பா?" என்று கேட்டது. இரண்டு வருஷமாக அவள் கேட்காத குரல்.

"போன்ல பேசமாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன்" என்றார் அவர், தரையைப் பார்த்து. "அவகிட்டயும் ஒரு ரேடியோ இருக்கு."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடுங்கினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை பேசத் தோணலையாடி? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தாள். திட்டு போய்ப் போய், "தப்பு என்மேலதான், வந்துடுடி" என்பதில் முடிந்தது.

"அப்பா? இருக்கீங்களா? ஒண்ணுமே கேக்கலையே" என்றது ரேடியோ.

"பொத்தானை அமுக்கிப் பேசணும்" என்றார் மெக்கானிக்.

அமுக்கினாள். இப்போது அழுகைதான் வந்தது. அமுக்கிய விரலை எடுக்காமல் அப்படியே நின்று அழுதாள்.

"விடு. விட்டாத்தான் அவ பேசறது கேக்கும்" என்று அவர் அவள் விரலை மெல்ல விலக்கினார்.

"...அம்மாதானே அது? அழுது முடிம்மா. நான் இங்கேதான் இருக்கேன்."